இறால் பண்ணை வேலையும் மட்டிக் கணக்கும்

கூடலையாற்றூரில் மணிமுத்தாற்றைச் சேர்த்துக்கொண்டு கிழக்கே ஓடும் வெள்ளாறு, பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துப் பிள்ளைகள் அந்தக் கரையோர இறால் பண்ணைகளுக்கு டெக்னீஷியன் வேலைக்குப் போவதாக இருந்தால், மட்டியைப் பற்றித் தெரிந்துகொண்டு போவது நல்லது. பண்ணைச் செலவில் பெரும்பங்கு தீவனத்துக்கே போகிறது. "கொஞ்சம் மட்டி போட்டு ஈடுகட்டலாமா?" என்று முதலாளி கேட்கும் நாள் வரும். அன்று காரணத்தோடு பதில் சொல்பவருக்குத்தான் மரியாதை.

முதலில் கணக்கு. மட்டிச் சதையில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர். மூட்டைத் தீவனத்தில் 10 சதவீதம்தான். நாளுக்கு 40 கிலோ தீவனம் போகும் குட்டையில் 4 கிலோவைக் குறைக்க வேண்டுமானால் 18 கிலோ சதை வேண்டும். ஓட்டோடு வாங்கினால் சதை கால் பங்குகூடத் தேறாது. அப்படியென்றால் 70 கிலோவுக்கு மேல் மட்டி, அதை உடைக்க, கழுவ, நறுக்க ஆள்கூலி. மலிவு என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுவிடும்.

இறால் மட்டியை விரும்பித் தின்னும், சத்தும் உண்டு. முட்டைக்குத் தயாராகும் தாய் இறாலுக்கு ஹேட்சரிகளில் கணவாய், கடற்புழுவோடு மட்டியும் கொடுப்பது அதனால்தான். குட்டை விஷயம் வேறு. மட்டி தண்ணீரை வடிகட்டித் தின்னும் உயிர். தண்ணீரில் உள்ள விப்ரியோ கிருமியும் வைரஸும் அதன் உடம்பில் சேரும். 1990-களின் நடுவில், வைரஸால் வரும் வெள்ளைப்புள்ளி நோய் கிழக்குக் கரையின் டைகர் இறால் குட்டைகளைக் காலி செய்ததை மூத்த பண்ணையாளர்கள் இன்னும் மறக்கவில்லை. நோயற்ற வனாமி இறால் குஞ்சைக் காசு கொடுத்து வாங்கி, நண்டு நுழையாமல் வரப்பில் வலையும் கட்டிவிட்டு, பச்சை மட்டியைக் குட்டையில் கொட்டுவதை என்னால் ஏற்க முடியாது. "வேண்டாம்" என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

போட்டே ஆக வேண்டும் என்றால், உயிருள்ள மட்டியை மட்டும் வாங்குங்கள். வாய் திறந்திருப்பதைத் தட்டிப் பாருங்கள், மூடாவிட்டால் எறிந்துவிடுங்கள். மற்றதை வேகவையுங்கள், ஓடு முழுக்க விரிந்த பிறகும் சில நிமிடம் கொதிக்கட்டும். ஐஸில் வைத்தால் வைரஸ் சாகாது. இறாலின் அளவுக்கேற்ப நறுக்கி, இறால் தின்கிறதா என்று பார்க்கும் செக் ட்ரேயில் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கும்போது துண்டுகள் வெளுத்துக் கொழகொழவென்று கிடந்தால், மறுநாள் அளவைப் பாதியாக்குங்கள். மிஞ்சியது அடியில் அழுகினால் அமோனியா ஏறும், விடியலுக்கு முன் ஆக்சிஜன் இறங்கும். இறால் மேலே வந்து தவிக்கும்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். வங்கதேசத்தில் நன்னீர் இறாலுக்காக நத்தைகளை அள்ளி அள்ளி நீர்நிலைகளையே வெறுமையாக்கினார்கள். நம் முகத்துவார மட்டி பலருக்குச் சாப்பாடு, பிழைப்பு. பொடி மட்டியை வாங்காதீர்கள்.

படிக்க இடமுண்டு: பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம், சென்னையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம். வேலையில் சேருமுன், 2005 சட்டப்படி பண்ணைக்குக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். சான்றிதழைக் காட்டத் தயங்கும் பண்ணையில் சேர வேண்டாம்.