கால்பந்தாட்டமும் நம்பிக்கையென்னும் புண்ணியமும்



தேவ புண்ணியங்கள் மூன்றும் எவை என்று கேட்டால், முதல் நன்மைக்கு ஆயத்தமாகும் சிறுவர்கூட விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று மூச்சு விடாமல் ஒப்புவிப்பார்கள். விசுவாசத்துக்கும் சிநேகத்துக்கும் பொருள் கேட்டால் ஏதோ ஒன்று சொல்வார்கள். நடுவிலிருக்கும் நம்பிக்கையைப் பற்றிக் கேட்டால்தான் பிள்ளைகள் பெற்றோரைப் பார்க்கிறார்கள். பெற்றோர் கூரையைப் பார்க்கிறார்கள். ஆகையால் இந்த வாரப் பாடத்துக்கு அதையே எடுத்துக் கொள்வோம். உதாரணம் மட்டும் கால்பந்து மைதானத்திலிருந்து வருகிறது. கோயில் தாளில் பந்தாட்டமா என்று பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு ஓட்டப் பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் காட்டியே புத்தி சொன்னார். இரண்டாம் அருள் சின்னப்பர் பாப்பரசர் சிறுவயதில் போலந்து நாட்டு வாதோவிச் என்னும் தம் ஊரில் கோலியாக நின்று பந்தைத் தடுத்தவர்.

2019-ம் ஆண்டு மார்ச் மாதம் 9-ம் தேதி, சனிக்கிழமை. விபூதிப் புதன் கழிந்து மூன்றாம் நாள். கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி அணிக்கும் பஞ்சாப் மாநிலத்து மினர்வா அணிக்கும் ஐ-லீக் போட்டியின் கடைசி ஆட்டம். இந்த மாவட்டத்து மேற்குக் கடற்கரையிலிருந்து அதைக் காணப் போன வாலிபன் ஒருவனை மனத்தில் நிறுத்திக் கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், அப்படிப்பட்டவன் உங்கள் வீட்டிலேயே இருப்பான். முந்தின இரவு நாகர்கோவிலில் ரயிலேறி, உட்கார இடமின்றி நின்றபடியே போகிறான். அந்த அணி அவனுக்கு அந்நியமல்ல. இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் 2017-18 பருவத்தில் அதற்காக ஆடித்தான் நாடெங்கும் பெயர் பெற்றார். 2018-ல் அவர் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போய்விட்டாலும், கடற்புறத்துப் பிள்ளைகளின் மனம் பழைய அணியை விட்டுப் போகவில்லை.

அன்றைய கணக்கு எளிது. சென்னை சிட்டிக்கு 40 புள்ளி. கல்கத்தாவின் கிழக்கு வங்க அணிக்கு 39. வென்றால் மூன்று புள்ளி, சமன் செய்தால் ஒன்று. கிழக்கு வங்க அணி அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் அணியோடு மோதிக் கொண்டிருந்தது. சென்னை வென்றுவிட்டால் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. தமிழகத்து அணி எதுவும் அதுவரை ஐ-லீக் பட்டத்தைத் தொட்டதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆட்டம் தொடங்கிய மூன்றாம் நிமிடத்திலேயே மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் போட்டுவிட்டார். பின்பு இடைவேளை வரை ஒன்றும் நடக்கவில்லை. ராத்திரி முழுதும் நின்று வந்தவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பக்கத்திலிருப்பவன், “எழும்புடே, போவோம், வண்டியிலயாவது எடம் கெடைக்கும்” என்கிறான். பாடத்துக்கு வேண்டிய நேரம் இதுதான்.

அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் நம்பிக்கை எப்படிப்பட்டதென்று ஆராய்ந்து, நாம் நம்பியிருக்கும் பொருளுக்கு நான்கு இலட்சணம் இருக்க வேண்டுமென்று சொல்லுகிறார். அது நன்மையாயிருக்க வேண்டும். இனிமேல் வரவேண்டியதாயிருக்க வேண்டும். கிடைப்பதற்கு அரியதாயிருக்க வேண்டும். ஆனாலும் கிடைக்கக் கூடியதாயிருக்க வேண்டும். இதில் மூன்றாவதை நாம் எப்போதும் மறந்துவிடுகிறோம். சுலபமாகக் கிடைப்பதற்கு நம்பிக்கை எதற்கு? மூன்று கோல் முந்தி நிற்கும் அணியின் ரசிகனுக்கு நம்பிக்கையென்னும் புண்ணியம் தேவைப்படுவதில்லை. கடலை வாங்கித் தின்றுகொண்டு இருந்தால் போதும். பிந்தி நிற்கிறவனுக்குத்தான் அது தேவை. நான்காவதை மறப்பவன் அவநம்பிக்கையில் விழுகிறான். “இனி முடியாது” என்று அவன் சொல்லும்போது, நாற்பத்தைந்து நிமிடம் இன்னும் பாக்கி இருக்கிறதே என்பதை அவன் கணக்கில் எடுக்கவில்லை. இராயப்பரும் யூதாசும் ஒரே இரவில் விழுந்தார்கள். ஒருவர் வெளியே போய் அழுதார்; மற்றவன் வெளியே போய் நான்று கொண்டான். முந்தினவர் தம் துரோகத்துக்குப் பின்னும் ஆண்டவர் தம்மை ஏற்றுக்கொள்வார் என்பதைக் கைவிடவில்லை. விழுகையில் இருவருக்கும் பெரிய வித்தியாசமில்லை.

நிற்க. அந்த வாலிபன் எழுந்து போகவில்லை என்றே வைத்துக் கொள்வோம். 56-ம் நிமிடத்தில் பெனால்டி கிடைத்து, பெத்ரோ மான்சி அதைக் கோலாக்கினார். 69-ம் நிமிடத்தில் இரண்டாவது கோலை அடித்தவர் கௌரவ் போரா. இவர் அசாம் மாநிலத்து வாலிபர். கோல் போடுகிற முன்வரிசைக்காரர் அல்ல, பின்னே நின்று தடுக்கிற வேலைக்காரர். கூடுதல் நேரத்தில், 93-ம் நிமிடத்தில், மூன்றாவது கோலையும் அவரே அடித்தார். மூன்றுக்கு ஒன்று. 43 புள்ளியோடு பட்டம் சென்னை சிட்டிக்கு. சிங்கப்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ் அன்று எப்படி மகிழ்ந்திருப்பார் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

இதோடு நிறுத்தினால் பாடம் கெட்டுவிடும். ஏனெனில் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கிழக்கு வங்க அணியும் அங்கே முதலில் ஒரு கோல் வாங்கியது. அதுவும் சோர்ந்துவிடாமல் மீண்டு வந்து, இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. ஆனாலும் 42 புள்ளியோடு இரண்டாம் இடத்தில் நின்றது. அவர்கள் முயற்சியில் என்ன குறை? ஒன்றுமில்லை. அவர்களுக்காகவும் யாரோ ஒரு தாய் வேண்டிக்கொண்டிருப்பாள். பட்டத்துக்காக நேர்ச்சை வைக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். சர்வேசுரன் ஒரு மாவட்டத்துக்கோ ஓர் அணிக்கோ ரசிகர் அல்லர். எல்லாரும் நன்றாக ஆடவும், கால் முறியாமல் வீடு திரும்பவும் வேண்டிக்கொள்வது நல்லது. அதற்கு மேல் கேட்டால், எதிரணிக்காரனின் வேண்டுதலைத் தள்ளிவிடும்படி கேட்பதாக ஆகும்.

இன்னும் பாரமான ஒன்று உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது, பந்தாட்டத்துக்குப் பெயர்பெற்ற அதே தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் கரைகளில் எத்தனை வீடுகள் கடலைப் பார்த்துக் காத்திருந்தன என்பதை நீங்கள் அறிவீர்கள். சில படகுகள் வந்தன, பல வரவில்லை. தகப்பனுக்காகக் காத்திருந்த பிள்ளையிடம் போய், “கடைசி நிமிடத்தில் கோல் விழும், பொறுத்திரு” என்று ஒருவன் சொன்னால், அது நம்பிக்கையல்ல, கொடுமை. பந்தாட்ட நம்பிக்கை மனிதருடைய காலையும் மூச்சையும் ஊன்றி நிற்பது. அவை தளரலாம், தோற்கலாம். தேவ புண்ணியமாகிய நம்பிக்கை சர்வேசுரனுடைய வாக்கை ஊன்றி நிற்பது. போன படகு இன்றைக்குத் திரும்பும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. சரீர உத்தானம் உண்டு, நித்திய சீவியம் உண்டு என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். விசுவாசப் பிரமாணத்தின் கடைசியில் நாம் சொல்வது இதுதான். அந்தக் கரையில் இன்றும் நவம்பர் மாதத்தில் மரித்தவர்களுக்காகப் பூசை கேட்டு வருகிற விதவைகள், “என்றைக்காவது காண்பேன்” என்று சொல்கிறார்களே, அக்குவினாஸ் சொன்ன நான்கும் அந்தச் சொல்லில் இருக்கின்றன. அரியதுதான்; ஆனாலும் கூடும்.

நம்பிக்கைக்கு எதிரான மற்றப் பாவம் வீண் நம்பிக்கை. நல்ல கள்ளன் சிலுவையிலே மனந்திரும்பினான் என்று காட்டி, பாவசங்கீர்த்தனத்தைப் பாஸ்குக்குப் பாஸ்கு தள்ளிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கூடுதல் நேரம் எத்தனை நிமிடமென்று மைதானத்திலாவது பலகையில் எழுதிக் காட்டுவார்கள்.

இப்போது ரசிகர்களைப் பற்றி. கோவா அணியின் கோலி லட்சுமிகாந்த் கட்டிமணியின் கதை தெரியுமா? 2015 டிசம்பர் 20-ம் தேதி, பட்டோர்டா மைதானத்தில், இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டம். எதிரே சென்னையின் அணி. சென்னை நகரம் வெள்ளத்தில் மிதந்த மாதம் அது. அந்த அணி தன் அரையிறுதியாட்டத்தைச் சொந்த ஊரில் ஆட முடியாமல் புனேயில் போய் ஆடியது. இறுதியாட்டத்தில் 90-ம் நிமிடம் நெருங்கும்வரை கோவா இரண்டுக்கு ஒன்று என்று முந்தி நின்றது. பெனால்டி உதைகளைத் தடுத்து அதுவரை அணியைக் காத்தவரே கட்டிமணி. அப்போது வந்த பந்தைத் தட்டிவிடப் போய், தம் வலைக்குள்ளேயே தள்ளிவிட்டார். அடுத்த சில நிமிடங்களில் மென்டோசா இன்னொரு கோல் போட, கோப்பை சென்னைக்கு வந்தது. நம் பிள்ளைகள் துள்ளினார்கள். நமக்கு அது மீட்சி. அந்த ஒரு மனிதருக்கு, சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னே, தாங்க முடியாத விழுகை.

ஆறு ஆண்டுகளும் மூன்று மாதங்களும் கழிந்தன. 2022 மார்ச் 20. அதே லீக்கின் இறுதியாட்டம், அதே பட்டோர்டா மைதானம். இம்முறை கட்டிமணி ஐதராபாத் அணிக்கு நின்றார். எதிரே கேரள அணி. இந்த மாவட்டத்திலும் பாதிப் பேர் மஞ்சள் சட்டைக்காரர்களாயிற்றே, அந்த மனவருத்தம் இன்னும் ஆறியிருக்காது. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்து, பெனால்டி உதைகளுக்குப் போனது. கட்டிமணி மூன்று உதைகளைத் தடுத்தார். கோப்பை ஐதராபாத்துக்குப் போயிற்று.

2015-ல் அவரை ஏசினவர்களுக்கு என்ன பதில் இருக்கிறது? இங்கும் நடப்பதைத்தான் கேட்கிறேன். ஊர்ப் போட்டியில் பந்தைத் தவறவிட்ட பையனை அன்று மாலை கடைத்தெருவில் தலைநிமிர விடுகிறீர்களா? பரீட்சையில் தோற்றவனையும், வளைகுடாவிலிருந்து வேலை போய்த் திரும்பியவனையும், குடியை விட்டு மறுபடி விழுந்தவனையும் ஊர் எப்படிப் பார்க்கிறது? அவன் தேறுவான் என்று வீட்டில் ஒருவர் சொல்லாமல் அவன் தானே எழுவது வெகு கடினம். பெற்றோரே, அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

மற்றபடி விளையாட்டைப் பார்க்கப் போவது பாவமல்ல. அர்ச். அருளப்பர் தம் சீடர்களோடு விளையாடிக் கொண்டிருக்கக் கண்டு சிலர் இடறல் பட்டார்கள் என்றும், அவர் அவர்களில் வில் வைத்திருந்த ஒருவனை ஓயாமல் அம்பெய்யச் சொல்ல, அப்படிச் செய்தால் வில் முறியும் என்று அவன் சொன்னான் என்றும், மனமும் அப்படித்தான் என்று அருளப்பர் காட்டினார் என்றும் ஒரு பழைய வரலாற்றை அக்குவினாஸ் எடுத்துச் சொல்லுகிறார். ஆனால் ஆபாசம் கூடாது, மனம் கட்டவிழ்ந்து போகக் கூடாது, ஆளுக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்த வேண்டும் என்று மூன்று வரம்பும் வைக்கிறார். அந்த வரம்புகளைக் கோலி மேல் பொழியும் வசவுக்கும், வேனிலேயே திறக்கப்படும் புட்டிக்கும், செல்போனில் கட்டும் பந்தயப் பணத்துக்கும் நீங்களே பொருத்திக் கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள் காரியத்தை மட்டும் நான் வாய்விட்டே சொல்லுகிறேன். 2022 இறுதியாட்டத்தைக் காணக் கேரளத்திலிருந்து கோவாவுக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்ட இரு வாலிபர் வழியிலேயே விபத்தில் மாண்டார்கள். தூர ஊருக்கு ரயிலிலோ பஸ்ஸிலோ போங்கள்.

சென்னை சிட்டி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 2020-21 பருவத்துக்குப் பிறகு ஐ-லீக்கில் அந்த அணியைக் காணோம். பட்டம் வென்று இரண்டே ஆண்டு. வாடிப்போகும் முடியைப் பற்றி அர்ச். சின்னப்பர் எழுதியதை, கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் ஒன்பதாம் அதிகாரத்தின் முடிவில், இன்று இரவு செபமாலைக்குப் பின் வீட்டில் மூத்த பிள்ளை உரக்க வாசிக்கட்டும்.

சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போகிறவர்கள் திரும்பும் வண்டி ஞாயிறு காலை எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று முன்கூட்டியே பார்த்துக் கொள்ளுங்கள். தாமதமானால் மாலைப் பூசை உண்டு. ஞாயிறன்றே ஆட்டமானால் சனி மாலைப் பூசை கண்டுவிட்டுப் புறப்படலாம், கடன் தீர்ந்தது. கோயம்புத்தூரிலேயே தங்குகிறவர்களுக்கு அர்ச். மிக்கேல் பேராலயம் இருக்கிறது. வழி கேட்டால் யாரும் சொல்வார்கள்.