ஈயத்தை எங்கே கைவிடுவது?

நம்பிக்கை: ஆழத்தில் காற்றுச் சட்டை பழுதானால் உடனே இடுப்பில் கட்டிய ஈய எடையைக் கழற்றிவிட வேண்டும்.

உண்மை: ஸ்கூபா செல்வோர் மிதக்க அணியும், பிசிடி எனப்படும் அந்தச் சட்டை கிழிந்தாலும், எடையை அளவாகக் கட்டியவர் ஃபின்னை உதைத்தே மெல்ல மேலே வந்துவிடலாம். ஈயத்தை மொத்தமாக விட்டாலோ ஏறும் வேகம் கையில் நிற்காது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கல்லைப் பற்றி இறங்கி, அடியில் அதை விட்டுவிட்டுத்தானே ஏறினார்கள் என்று கேட்கலாம். அவர்கள் நீருக்கு மேலே இழுத்த மூச்சோடு போனவர்கள். மேலே வரும்போது அது பழைய அளவுக்குத்தான் விரியும். சிலிண்டர் காற்றைச் சுவாசிப்பவர் 10 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்த மூச்சோ, மேலே வருவதற்குள் இருமடங்காகும். மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியும். குமிழி ரத்தத்தில் கலந்து மூளையை அடைக்கலாம். வேறெந்த வழியும் இல்லாதபோதுதான் அடியில் எடையை விட வேண்டும். அப்போதும் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே ஏற வேண்டும்.

நம்பிக்கை: சட்டை தானாக ஊதத் தொடங்கினால், காற்றை வெளியேற்றினால் போதும்.

உண்மை: காற்றை உள்ளே விடும் வால்வு சிக்கியிருக்கும்வரை சிலிண்டர் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு கையால் காற்றை வெளியேற்றியபடி, மறு கையால் சட்டையை ஊதும் இன்ஃப்ளேட்டரில் செருகிய குழாயைக் கழற்றுங்கள். பிறகு சட்டையை வாயால் ஊதிக்கொள்ளலாம்.

நம்பிக்கை: தலை நீருக்கு மேலே வந்துவிட்டால் ஆபத்து முடிந்தது.

உண்மை: என்னை மிகவும் வருந்தவைக்கும் நம்பிக்கை இது. காற்றுப் பிடிக்காத சட்டையோடு, களைத்த கால்களோடு அலையில் போராடுபவர் மறுபடி அமிழ்ந்துபோகிறார். எடையைத் தயங்காமல் விட வேண்டிய இடம் இந்த மேற்பரப்புதான். ஆனால் இறந்தவர்களை மீட்டபோது பலருடைய இடுப்பில் ஈயம் அப்படியே இருந்ததை விபத்து ஆய்வுகள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கின்றன. பதற்றத்தில் கை எடை பெல்ட்டின் கொக்கியைத் தேடுவதில்லை. பழகாத கைக்கு அது நினைவுக்கே வராது. வாடகை ஈயம் தொலைந்துபோகுமே என்று தயங்குகிறவர்களும் உண்டு. தொலையட்டும்! ஈயத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம்.

பெல்ட்டைக் கழற்றியதும் உடலைவிட்டு விலக்கிப் பிடித்து விடுங்கள். இல்லையேல் கத்தியிலோ சிலிண்டரிலோ மாட்டிக்கொள்ளும். கீழே யாரும் இல்லையா என்றும் பாருங்கள். நீச்சல் குளத்தில் கண்ணை மூடி, கொக்கியைத் தடவிக் கண்டுபிடித்துப் பழகுங்கள். கூட வருபவரின் எடைப் பை எந்தப் பக்கம் இழுத்தால் கழலும் என்பதையும் படகிலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.