தேன்: லிட்டரா, கிலோவா?

செண்பகத்தோப்பு பளியர் குடியிருப்பிலிருந்து வருகிறவன் நான். அப்பா பாறையில் கொடி கட்டி இறங்கி மலைத்தேன் எடுப்பவர். மூடிய அடையாகப் பார்த்து எடுக்கணும். தேனில் நீர் 20 சதவீதத்தைத் தாண்டினால் புளிச்சுப் போகும்.

தாத்தா காலத்தில் தேனும் கடுக்காயும் குடுத்து அரிசி வாங்குனாங்களாம். பிறகு காசு வந்தது. யாவாரி கிலோ விலையைப் பேசி, லிட்டர் பாத்திரத்தில் அளந்து வாங்குவார். முதலாண்டு இயற்பியலில் அடர்த்தி படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு லிட்டர் தேன் சுமார் 1.4 கிலோ! லிட்டருக்கு 400 கிராம் சும்மா போயிருக்கிறது.

சிறு வனப்பொருளைச் சேகரித்து விற்க 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் உரிமை தருகிறது. ஆனால் எங்கள் வீட்டில் தராசே கிடையாது.

கணக்கைப் போட்டுக் காட்டினேன். "எத்தன வருசம்டா..." என்றார் அப்பா. அடுத்த சந்தைக்குப் போய்த் தராசு வாங்கி வந்தார்.