இருதய வால்வுகளைப் பற்றும் கிருமி நோய்

நமது இருதயத்தில் நான்கு அறைகளும் நான்கு வால்வுகளும் உள்ளன. வால்வுகள் இரத்தத்தை ஒரே திசையில் செல்லவிட்டு, பின்னோக்கித் திரும்பாதபடி தடுக்கின்றன. அறைகளின் உட்புறத்தை மெல்லிய உறையொன்று மூடியிருக்கிறது. இவ்வுறையிலும் வால்வுகளிலும் கிருமிகள் குடியேறுவதால் உண்டாகும் கொடிய நோயைப் பற்றி யாவரும் அறிந்திருத்தல் நலம்.

நோய் உண்டாகும் விதம்

சொத்தைப் பல், சீழ் பிடித்த ஈறு, ஆறாத புண், தூய்மையற்ற ஊசி ஆகியவற்றின் வழியாகக் கிருமிகள் இரத்தத்தில் கலக்கின்றன. பெரும்பாலும் உடலின் காப்புச் சக்தியே அவற்றை அழித்துவிடும். ஆனால், பிளந்த மதகுப் பலகையில் பாசியும் செத்தையும் ஒட்டிக்கொள்வதைப் போல, பழுதுற்ற வால்வில் கிருமிகள் எளிதில் பற்றிக்கொண்டு திரளாக வளர்கின்றன. அத்திரளிலிருந்து ஒரு துணுக்கு பெயர்ந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் நேரும். வால்வு அரிக்கப்பட்டால் இருதயம் தளர்ந்து மூச்சுத் திணறும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

பிறவியிலேயே இருதயக் குறை உள்ளவர்கள், செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர்கள், இந்நோய் ஒருமுறை வந்து குணமானவர்கள், சிறு வயதில் வாதக் காய்ச்சலால் வால்வு பழுதுற்றவர்கள் ஆகியோர். கிருமியால் உண்டாகும் தொண்டைப் புண்ணுக்குச் சில வாரங்களுக்குப் பின், மூட்டு வீக்கத்துடன் வருவதே வாதக் காய்ச்சல். பெரும்பாலும் 5 முதல் 15 வயது வரையுள்ள சிறுவர்களை அது தாக்கும்.

அறிகுறிகளும் ஓர் எச்சரிக்கையும்

விட்டு விட்டு வரும் காய்ச்சல், இரவில் வியர்வை, பசியின்மை, உடல் மெலிவு, களைப்பு ஆகியவை வாரக்கணக்கில் நீடிக்கலாம். சிலருக்குச் சில நாட்களிலேயே நோய் முற்றிவிடும். இருதயக் குறையுள்ளவருக்குக் காய்ச்சல் நீடித்தால் கடையில் தாமாகக் கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கி உண்ணலாகாது. அரைகுறை மருந்தினால் காய்ச்சல் தணிந்தாற்போல் தோன்றும். கிருமியோ வால்வில் மறைந்து நிற்கும். பின்னர் இரத்தத்தைச் சோதித்தாலும் அது இன்ன கிருமியென்று தெரியாமற்போகலாம். ஆகவே, முதலில் இரத்தச் சோதனை, பிறகே மருந்து.

சிகிச்சை

1885-ஆம் ஆண்டில் வில்லியம் ஆஸ்லர் என்னும் மருத்துவ மேதை லண்டனில் இந்நோயைக் குறித்துச் சொற்பொழிவுகள் ஆற்றியபோது, இதற்கு மருந்தே இல்லை. 1940-களில் பென்சிலின் வந்த பின்னரே நோயாளிகள் பிழைக்கலாயினர். இப்பொழுது எக்கோ பரிசோதனையால் வால்வின் நிலையை அறிந்து, பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் வரை இரத்தக்குழாய் வழியே மருந்து செலுத்துகின்றனர். சிலருக்கு அறுவைச் சிகிச்சையும் தேவைப்படும். காய்ச்சல் நின்றுவிட்டதென்று இடையில் வீடு திரும்புவது உயிருக்கே ஆபத்தாகும்.

நாம் செய்ய வேண்டியவை

1. நாள்தோறும் இருமுறை பல் துலக்குக. சொத்தைப் பல்லுக்கு உடனே சிகிச்சை பெறுக.

2. பல் பிடுங்குமுன், இருதயக் குறை உண்டென்பதைப் பல் மருத்துவரிடம் கூறுக. தடுப்பு மருந்து வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார்.

3. குழந்தைகளின் தொண்டைப் புண்ணை அலட்சியம் செய்யாதீர். வாதக் காய்ச்சல் கண்டவர், 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை மருத்துவர் சொல்லும் காலம்வரை தவறாது பெற வேண்டும்.

தம் ஊரில் இத்தகைய ஊசி பெறும் சிறுவர் எவரெவர் என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தின் துணையுடன் பஞ்சாயத்து உறுப்பினர்கள் அறிந்து, ஒரு தவணையும் தவறாமல் பார்த்துக்கொண்டால், பல குடும்பங்களைப் பெருந்துயரிலிருந்து காத்தவராவர்.