அயல்நாட்டுச் சந்தையும் அடுத்த வீட்டுத் தோட்டமும்

(ஒரு வட்டார வளர்ச்சி அதிகாரி)

விளைச்சலைப் பெருக்குவது வேளாண்மையில் ஒரு பாதி. விளைந்ததை நல்ல விலைக்கு விற்பது மறு பாதி. முதற் பாதியைப் பற்றி நாம் ஊர்தோறும் கூட்டம் கூட்டிப் பேசியிருக்கிறோம். இரண்டாவது பாதியைப் பற்றிப் பேசியது குறைவு. அதிலும், விளைபொருளை அயல்நாட்டிற்கு அனுப்புங்கால் வழியில் நிற்கும் தடைகள் யாவை, அவற்றை விலக்குவது எவ்வாறு என்பன பற்றி நம் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்லுவார் மிகச் சிலரே. இக்கட்டுரையில் அதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

தடை எது?

தடை என்றவுடன் நம் நினைவிற்கு வருவது சுங்க வரி. ஆனால் இன்று சுங்க வரியைக் காட்டிலும் உயரமான மதில் வேறொன்று உண்டு. பழத்தில் பூச்சி மருந்தின் எச்சம், கடலைப் பருப்பில் பூஞ்சண நஞ்சு, கனிக்குள் ஈயின் புழு ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் துறைமுகத்திலேயே சரக்கு நிறுத்தப்பட்டுவிடும். வரியைப் பணம் கட்டித் தீர்க்கலாம். இம்மதிலைப் பணத்தால் மட்டும் தாண்ட இயலாது.

1995 ஜனவரி முதல் தேதி உலக வர்த்தக அமைப்பு தோன்றியபோது, உணவுத் தூய்மை, பயிர் நலம், கால்நடை நலம் ஆகியவை பற்றிய உடன்படிக்கை ஒன்றும் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு நாடும் தன் மக்களின் உடல்நலத்தைக் காக்க விதிகள் செய்துகொள்ளலாம். ஆனால் அவ்விதிகள் அறிவியல் சான்றின்மேல் அமைய வேண்டும். வணிகத்தை மறைமுகமாகத் தடுக்கும் கருவியாக அவற்றைக் கையாளுதல் கூடாது என்பது அதன் சாரம். ஆதலின், விதியைச் சாடுவதால் பயனில்லை. விதிக்கு நாம் எவ்வாறு ஈடு கொடுப்பது, விதி நியாயமற்றதாயின் அதை எவ்வாறு மாற்றக் கோருவது என்பவையே கேள்விகள். இரண்டையும் தனி ஒருவரால் செய்ய முடியாது. இதற்கு மகாராஷ்டிரத்துத் திராட்சைத் தோட்டங்களே சிறந்த சான்று.

நாசிக் கண்ட அனுபவம்

மகாராஷ்டிரத்தில் நாசிக், சாங்லி முதலிய மாவட்டங்களில் அக்டோபர் மாதத்தை ஒட்டிக் கவாத்துச் செய்த கொடிகள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பழம் தருகின்றன. தென்னாப்பிரிக்காவின் பருவம் ஓயும் தறுவாயில் இப்பழம் ஐரோப்பாவைச் சென்றடைய வாய்ப்பு உண்டு. இந்த இடைவெளிதான் அவர்களுக்குக் கிடைத்த வாசல்.

இவ்வாசலில் நுழைய விரும்பிய தோட்டக்காரர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் 1991-ஆம் ஆண்டில் ஒன்றுகூடி 'மகாகிரேப்ஸ்' என்னும் கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. மாநில வேளாண் விற்பனை வாரியம் அதற்குத் துணை நின்றது. தொடக்கத்தில் அனுப்பிய சரக்கில் ஒரு பகுதி தரம் போதாதென்று ஒதுக்கப்பட்டது. பறித்த பழத்தைத் தாமதமின்றிக் குளிர்விப்பதும், குலைகளை ஒரே அளவாகத் தெரிந்தெடுப்பதும், பெட்டியிலிடுவதும், கப்பலில் பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிரிலேயே வைத்திருப்பதும் எத்துணை இன்றியமையாதவை என்பதை அவர்கள் இழப்பின் வாயிலாகவே கற்றனர். குளிர்சாதனக் கிடங்கு கட்டத் தனித் தோட்டக்காரருக்கு வசதி ஏது? சங்கம் கட்டியது, உறுப்பினர் யாவரும் பயன்படுத்தினர்.

அடுத்த இடையூறு 2003-இல் வந்தது. இந்தியத் திராட்சையில் மெத்தோமில் என்னும் பூச்சி மருந்தின் எச்சம் காணப்பட்டதாக ஐரோப்பாவில் எச்சரிக்கை எழுந்தது. இதன் பயனாக, வேளாண் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான அபேடா, புனேயிலுள்ள தேசியத் திராட்சை ஆராய்ச்சி நிலையம், மாநில அரசின் அதிகாரிகள், தோட்டக்காரர் சங்கம், ஏற்றுமதியாளர்கள் ஆகியோர் கூடி எச்சங்களைக் கண்காணிக்கும் திட்டம் ஒன்றை வகுத்தனர். 2006-இல் அது 'கிரேப்நெட்' என்ற பெயரில் கணினிவழி முறையாக வளர்ந்தது.

அம்முறை நடைபெறும் விதத்தை நம் ஊர்களில் அறிந்துகொள்ளுதல் நலம். ஏற்றுமதிக்கென விளைவிக்கும் தோட்டம் ஒவ்வொன்றும் மாவட்ட அதிகாரியிடம் பதிவு பெறுகிறது. அதற்கு ஓர் எண் தரப்படுகிறது. என்று, எந்த மருந்தை, எவ்வளவு தெளித்தார் என்பதைத் தோட்டக்காரர் ஏட்டில் குறித்து வர வேண்டும். அதிகாரி தோட்டத்தைப் பார்வையிடுகிறார். அறுவடைக்கு முன், ஆய்வுக்கூடத்தின் ஆட்களே வந்து மாதிரி எடுக்கின்றனர். தோட்டக்காரர் தாமே நல்ல குலையாகப் பார்த்துக் கொடுப்பதற்கு இடமில்லை. ஆய்வின் முடிவு கணினியில் ஏறுகிறது. தேறாத தோட்டத்தின் பழம் ஐரோப்பாவுக்குப் போவதில்லை. தேறிய பழம், ஏற்புப் பெற்ற கூடத்தில் பெட்டியிடப்பட்டு, அக்மார்க் சான்றும் பயிர்நலச் சான்றும் பெற்றுச் செல்லுகிறது. அயல்நாட்டில் ஏதேனும் குறை காணப்பட்டால், அது எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று திரும்பிப் பார்க்க முடியும்.

2010-ஆம் ஆண்டின் அடி

இத்தனை ஏற்பாடுகள் இருந்தும் 2010-இல் பேரிடி ஒன்று விழுந்தது. கொடியின் மிகுதியான வளர்ச்சியை அடக்கிக் காய்ப்பைப் பெருக்குவதற்குத் தோட்டக்காரர்கள் குளோர்மிக்வாட் குளோரைடு என்னும் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்தைக் கையாண்டு வந்தனர். நம் நாட்டில் ஆய்வு செய்யப்பட வேண்டிய பொருள்களின் பட்டியலில் அது இடம்பெறவில்லை. ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களோ அதையும் தேடின, கண்டன. அங்கு அனுமதிக்கப்பட்ட அளவு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். அஃதாவது, 100 டன் பழத்தில் 5 கிராம். இரண்டு கோடிப் பங்கில் ஒரு பங்கு! இங்கே சான்று பெற்றுச் சென்ற சரக்கு அங்கே மறுக்கப்பட்டது.

இழப்பு வணிகரோடு நிற்கவில்லை. வாங்குவோர் தயங்கியதால் விலை சரிந்து, அந்த மருந்தைத் தொடாத தோட்டக்காரரையும் அது தாக்கியது. இங்குதான் நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி உள்ளது. அயல்நாட்டான் கண்ணுக்கு ராமன் தோட்டம், ரஹீம் தோட்டம் என்ற வேறுபாடு கிடையாது; 'இந்தியத் திராட்சை' என்ற ஒரே பெயர்தான் உண்டு. அடுத்த வீட்டுத் தோட்டத்தின் தவறு நம் தோட்டத்தின் விலையைக் குறைத்துவிடுகிறது.

அந்நிலையில் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டு பிரிந்திருந்தால் அத்தொழில் அத்துடன் நலிந்திருக்கும். மாறாக, அம்மருந்து ஆய்வுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கையாளத் தகும் மருந்துகள் எவை, ஒவ்வொன்றையும் அறுவடைக்கு எத்தனை நாள் முன்னதாக நிறுத்த வேண்டும் என்ற விவரங்களை ஆராய்ச்சி நிலையம் ஆண்டுதோறும் திருத்தி வெளியிடுகிறது. தோட்டக்காரர் சங்கம் அதை ஊர்களுக்கு எடுத்துச் செல்லுகிறது. சந்தையில் ஒருவரோடொருவர் போட்டியிடும் வணிகர்கள் யாவரும், பதிவு பெற்றுத் தேறிய தோட்டத்தின் பழத்தையே ஐரோப்பாவுக்கு வாங்க வேண்டும் என்ற ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவர்கள். விலையில் போட்டி, தூய்மையில் ஒற்றுமை என்பதே அவர்கள் கண்ட வழி. 2010-11-இல் ஏறத்தாழ ஒரு லட்சம் டன்னாக இருந்த இந்தியத் திராட்சை ஏற்றுமதி, 2018-19-இல் 2,40,000 டன்னுக்கு மேல் உயர்ந்தது.

விதியை மாற்றக் கோருதல்

எல்லா விதிகளையும் வாய்பேசாது ஏற்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. பாசுமதி அரிசியின் கதையைப் பாருங்கள். டிரைசைக்ளசோல் என்ற குலைநோய் மருந்தின் எச்ச அளவைக் கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.01 மில்லிகிராமாக ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஜனவரி முதல் குறைத்தது. நூறில் ஒரு பங்கு! கால அவகாசம் கோரப்பட்டது, கிட்டவில்லை. இத்தகைய அளவை உயர்த்தக் கோருவோர், வயல்களில் முறைப்படி நடத்திய சோதனைகளின் முடிவுகளை அளிக்க வேண்டும். அதற்கு ஆண்டுகளும் பொருளும் தேவை. மருந்து உற்பத்தியாளரும், அரிசி ஏற்றுமதியாளரும், உழவர் அமைப்புகளும், ஆராய்ச்சியாளரும் முன்கூட்டியே சேர்ந்து தயாராக இருந்தாலன்றி, வழக்காடுவதற்குக் கையில் சான்று இராது. பின்னர்ப் பஞ்சாப் அரசு, பாசுமதிப் பருவத்தில் இத்தகைய சில மருந்துகளின் விற்பனையை 2020 முதல் தடுத்து வந்தது. உழவரிடம் மட்டும் உபதேசிப்பதைவிட, கடையின் அலமாரியைச் சீர்செய்வது பயன் தரும் என்பதை இது காட்டுகிறது.

2014 மே முதல் தேதி, பழ ஈ முதலிய பூச்சிகளின் காரணமாக இந்திய மாம்பழத்தையும், கத்தரி, பாகல், புடல், சேம்பு ஆகியவற்றையும் ஐரோப்பிய ஒன்றியம் தடுத்தது. வெப்ப முறையால் ஈயை அழிக்கும் ஏற்பாடும் கடுமையான சோதனையும் செய்து காட்டிய பின், மாம்பழத்தின் மீதான தடை 2015-இன் தொடக்கத்தில் நீங்கியது. சான்று காட்டினால் கதவு திறக்கும் என்பதற்கு இதுவும் எடுத்துக்காட்டு.

நம் ஊர்களின் நிலை

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். நம் பக்கத்து முக்கியப் பயிர் நிலக்கடலை. அதற்கு நேரும் பெருந்தடை அஃப்ளாடாக்ஸின் என்னும் பூஞ்சண நஞ்சு. நேரடியாக உண்ணும் கடலையில் இது கிலோவுக்கு மொத்தம் 4 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது ஐரோப்பிய விதி. 1,000 டன்னில் 4 கிராம் என்று கொள்ளலாம். முற்றும் பருவத்தில் வறட்சி, பிடுங்கும்போது காய் உடைதல், ஈரத் தரையில் குவித்தல், விலை கூடுமென்று அரை உலர்ச்சியில் மூட்டை கட்டுதல் ஆகியவை இந்நஞ்சிற்கு வித்திடுகின்றன.

சில மாதங்களுக்கு முன், நம் வட்டாரத்தில் உழவர் குழு ஒன்றின் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். வெளியூர் வணிகர் ஒருவர் வந்திருந்தார். கடலையின் தோற்றம் அவருக்குப் பிடித்திருந்தது. "என்ன மருந்து அடித்தீர்கள்? எத்தனை நாள் காய வைத்தீர்கள்?" என்று கேட்டார். பெரியவர் ஒருவர், "கடையிலே கொடுத்ததை அடிச்சேன் ஐயா, பேரை யாரு பார்த்தா?" என்றார். கூட்டம் சிரித்தது. வணிகர் சிரிக்கவில்லை. சரக்கை உள்ளூர் விலைக்கே கேட்டுவிட்டுப் போனார். அப்பெரியவர் கூறியதில் பொய் சிறிதும் இல்லை. ஆனால் ஏட்டில் எழுதப்படாத உண்மைக்குச் சந்தையில் விலை இல்லை.

இதில் நம் குறையும் உண்டு. எத்தனை கூட்டம் நடத்தினோம், எத்தனை தெளிப்பான் வழங்கினோம் என்று மேலிடத்திற்குக் கணக்கு எழுதிய நாம், எத்தனை வீடுகளில் மருந்து ஏடு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணியிருந்தால் அப்பெரியவரின் கடலைக்கு அன்று வேறு விலை கிடைத்திருக்கக் கூடும்.

செய்யத்தக்கவை

1. ஒவ்வொரு உழவர் குழுவும் ஒரு பயிரை எடுத்துக்கொண்டு, உறுப்பினர் நிலங்களுக்கு எண் கொடுத்து, மருந்து ஏட்டை வைத்து வருதல் வேண்டும். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் எழுத உதவலாம்.

2. மருந்துக் கடைக்காரரையும் கூட்டத்திற்கு அழைக்க வேண்டும். பெயரும் தேதியும் குறித்த ரசீது இல்லாமல் மருந்து வாங்குவதில்லை என்று ஊரார் முடிவு செய்தால் கடைக்காரரும் உடன்படுவார்.

3. மருந்துப் புட்டியின் சீட்டில் கண்ட காத்திருப்பு நாள்களைக் கழித்தே அறுவடை செய்தல் வேண்டும்.

4. கடலையைப் பொதுக் களத்தில் தார்ப்பாயின் மேல் உலர்த்தி, ஈரம் 8 சதவீதத்திற்கு மேற்படாத நிலையில் மூட்டை கட்ட வேண்டும். ஈரம் காட்டும் கருவி ஒன்றைக் குழு வாங்கினால் அனைவருக்கும் போதும்.

5. ஆய்வுச் செலவைக் குழுவும் வாங்கும் வணிகரும் பகிர்ந்துகொள்ள முன்னரே எழுத்தில் உடன்பட வேண்டும்.

6. தேறாத சரக்கை ஒளிக்காமல் ஒதுக்க வேண்டும். குழுத் தலைவரின் நிலத்திற்கும் இதே விதிதான். தலைவருக்கு ஒரு நீதி, உறுப்பினருக்கு ஒரு நீதி என்று வந்தால் ஏடு வெறும் காகிதமாகிவிடும்.

இவ்வளவு கட்டுப்பாடும் பெரும் நிலக்காரருக்கே ஏற்றது, ஏழைக் குடியானவன் என் செய்வான் என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. ஒரு ஏக்கர்க்காரர் தனித்து நின்றால் ஆய்வுக் கட்டணமே அவர் லாபத்தை விழுங்கிவிடும். விதிகள் கடுமையாகுந்தோறும் சிறியவர் ஒதுக்கப்படும் அபாயம் மெய்யானது. அதனால்தான் சங்கம் அவருக்கு இன்றியமையாததாகிறது. பெரியவர் சங்கமின்றியும் பிழைப்பார்; சிறியவர் பிழையார்.

முடிவாக ஒன்று. அயல்நாட்டான் மறுத்த சரக்கை உள்ளூர்ச் சந்தையில் தள்ளிவிடலாம் என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. அக்கடலையை உண்பவை நம் பிள்ளைகளே. அவன் தன் மக்களுக்கு வேண்டாமென்று விலக்கியதை நம் மக்களுக்கு ஊட்டுவது முறையாகுமா? ஏற்றுமதிக்கென்று தொடங்கும் ஏடு நம் வீட்டு உணவையும் தூய்மையாக்குமாயின், அயல்நாட்டுப் பணத்தைவிட அதுவே பெரிய வரவு. வருகின்ற ஆடிப் பட்டத்தில் விதை வாங்கும்போதே நாற்பது பக்க நோட்டு ஒன்றையும் வாங்குங்கள். முதற் பக்கத்தில் நிலத்தின் எண்ணை எழுதுங்கள். அடுத்த முறை நாம் ஊருக்கு வரும்போது முதலில் அதையே கேட்போம்.