பெல்ஜியம் கண்ணாடிக்கு விலை சொல்லப் போகிறீர்களா?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில், தங்க வேலைப்பாட்டுச் சட்டம் போட்ட எந்தப் பெரிய கண்ணாடியைக் காட்டிக் கேட்டாலும் ‘பெல்ஜியம்’ என்றுதான் பதில் வரும். விற்பவருக்கு அது போதும். மதிப்பீட்டாளராக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் போதாது. செட்டிநாட்டு வீடுகளுக்கு பெல்ஜியம் கண்ணாடி கப்பலேறி வந்தது உண்மைதான். அதற்காக அங்கே தொங்கியதெல்லாம் பெல்ஜியத்தில் செய்ததாகிவிடாது. ரசீதோ முத்திரையோ கண்ணில் படாதவரை ‘ஐரோப்பியப் பாணி’ என்பதோடு நிறுத்துங்கள்.

முதல் வேலை, கண்ணாடியை இறக்கித் திருப்புவது. இரண்டு ஆள் வேண்டும். உச்சியில் இருக்கும் பூ வேலையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. முன்பக்கத்தை எத்தனையோ பேர் புதுப்பித்திருப்பார்கள், பின்பக்கத்தை யாரும் சிங்காரிப்பதில்லை. வட்ட ரம்பத்தின் வளைந்த கீறல், உருண்டைக் கம்பி ஆணி இரண்டும் இருந்தால் 18ஆம் நூற்றாண்டு என்ற பேச்சைச் சந்தேகப்படுங்கள். ஆனால் பின்பலகையை மட்டும் பிறகு மாற்றியிருக்கவும் கூடும். சட்டத்தின் ஆணிகளையும் பார்த்தபிறகு முடிவுக்கு வாருங்கள்.

அடுத்தது ரசம். பழைய கண்ணாடிகளுக்கு வெள்ளீயமும் பாதரசமும் கலந்த பூச்சு. ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் 1835இல் கண்டறிந்த வெள்ளிப்பூச்சு பிறகு மெல்ல மெல்ல அதன் இடத்தைப் பிடித்தது. பாதரசப் பூச்சில் பிம்பம் சற்றுச் சாம்பல் பூத்திருக்கும், பின்புறம் பொடிப்பொடியாக மினுங்கும். வெள்ளிப்பூச்சின் பின்னால் பெரும்பாலும் காப்புப் பெயின்ட் இருக்கும். பாதரசப் பூச்சைச் சுரண்டாதீர்கள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ரசம் போயிருப்பது குறையல்ல. மாற்றாத அசல் கண்ணாடி என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. பென்சில் முனையைக் கண்ணாடிமேல் வையுங்கள். முனைக்கும் பிம்பத்துக்கும் இடைவெளி அதிகமென்றால் கண்ணாடி தடிமன், பிற்காலத்தில் மாற்றியதாக இருக்கலாம்.

பணம் கூடுவதும் குறைவதும் தங்கத்தில்தான். தஞ்சாவூர் ஓவியம் போடுகிறவர்களுக்கு இது எளிதில் புரியும்: மரத்தின்மேல் சுண்ணத்தூளும் வச்சிரமும் கலந்த பூச்சு, அதன்மேல் பெரும்பாலும் செங்களிமண், அதற்கும் மேலே தங்கரேக்கு. உருப்பெருக்கி வழியே பார்த்தால் ரேக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய விளிம்பு தெரியும். தங்கப் பெயின்டில் பொடித் துகள்கள்தான் தெரியும், காலப்போக்கில் அது பழுப்பேறும். தேய்மானத்தையும் கவனியுங்கள். பல தலைமுறை தூசி தட்டியதால் வந்த தேய்மானம் புடைத்த இடங்களில் மட்டும் இருக்கும். பள்ளத்திலும் மேட்டிலும் ஒரே அளவாகச் சிவப்பு எட்டிப் பார்த்தால் யாரோ வேண்டுமென்றே தேய்த்திருக்கிறார்கள். ஈரத்துணி கூடவே கூடாது, நீர்முறையில் ஒட்டிய ரேக்கு கையோடு வந்துவிடும். உடைந்த மூலையில் மரநார் தெரிந்தால் செதுக்கியது, மாவு போலத் தெரிந்தால் அச்சில் வார்த்தது. செதுக்கியதற்கே மதிப்பு அதிகம். தங்கப் பெயின்ட் டப்பா இந்தச் சட்டங்களுக்குச் செய்த கேட்டைக் கறையான்கூடச் செய்ததில்லை என்பது என் எண்ணம்.

விலை எழுதுமுன் எதற்காகக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். காப்பீட்டுக்கு என்றால் அதேபோல் இன்னொன்றை வாங்க ஆகும் தொகை. பாகப்பிரிவினைக்கு என்றால் இன்று விற்றால் கைக்கு வரும் தொகை. இரண்டும் ஒன்றாக இருக்காது. கடையில் தொங்கும் விலைச்சீட்டு ஆதாரமாகாது. ஏலத்தில் உண்மையிலேயே கைமாறிய விலையைத் தேடுங்கள், அதில் ஏலநிறுவனத்தின் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் கூலி மதிப்பில் இத்தனை சதவீதம் என்று இருக்கவே கூடாது. மதிப்பிட்ட பொருளை நீங்களே வாங்குவதும் தொழிலைக் கெடுக்கும்.

‘நூறு வருஷத்துக்கு மேல்’ என்று வாய்க்கு வந்தபடி எழுதிவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, 100 ஆண்டைக் கடந்த கலைப்பொருள் தொல்பொருளாகலாம். ஆகிவிட்டால் அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. விற்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். ஒரு பொருள் தொல்பொருளா இல்லையா என்ற கேள்வி எழுந்தால் முடிவு சொல்லும் அதிகாரம் இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறைக்கே உண்டு, மதிப்பீட்டாளருக்கு இல்லை.