வீட்டிலிருந்து செய்யும் பகுதி நேர வேலைக்கு மனுச் செய்யும் முறை



நம் கடைப் பிள்ளைகளும் வீட்டுப் பிள்ளைகளும் ஒரு சம்பளத்தில் மாதத்தை ஓட்ட இயலாமல், இரவில் கணினி வழியாகச் செய்யும் வேலை தேடுகிறார்கள். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது மெய்தான். ஜொகூர் பாருவில் வாடகை கொடுப்பவருக்கு அத்தொகை எத்தனை தேதி வரை வரும் என்பது தெரியும். ஆகவே தேடுவதை நாம் குறை கூறோம்.

நம் தங்கை மகன் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறவன். டெலிகிராமில் ஒருவர், படங்களுக்கு விருப்பக்குறி இட்டால் கூலி என்றார். முதல் நாள் 20 வெள்ளி வந்து சேர்ந்தது. மூன்றாம் நாள் 300 முன்பணம் கேட்டார்கள், பிறகு 900. “மாமா, இன்னும் ஆயிரம் கட்டினால் எல்லாம் சேர்ந்து திரும்புமாம்” என்று நம்மிடம் கடன் கேட்டு வந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. நாம் கொடுக்கவில்லை. அவனைத் திட்டவும் இல்லை. கடனுக்குச் சரக்கு வாங்குகிறவன் முதல் சிட்டையை நாள் தவறாமல் தீர்ப்பது எதற்கென்று அறியாமல் நாமும் ஏமாந்தவர்களே.

வேலை கொடுப்பவன் கூலி தருவான். கூலியாளிடம் பணம் கேட்க மாட்டான். நம் பாங்குக் கணக்கை இரவல் கேட்பவனும் அத்தகையவனே. கொடுத்தால் நாமும் குற்றவாளியாவோம். பணம் அனுப்புமுன் போலீசாரின் ‘செமாக் மியூல்’ தளத்தில் கணக்கு எண்ணைத் தேடிப் பார்க்கலாம். போய்விட்டதென்றால் அந்த நிமிஷமே 997க்கு அழைக்க வேண்டும். நாணி ஒரு நாள் தள்ளினால் பணம் கை மாறிவிடும்.

நிற்க. மனு எழுதுமுன் தற்போதைய நியமனக் கடிதத்தை எடுத்துப் படிக்க வேண்டும். வேறு வேலை கூடாதென்றோ, அனுமதி வேண்டுமென்றோ இருந்தால் முதலாளியிடம் கேட்பதே முறை. பகல் நேரம் அவரிடம் விற்றுவிட்ட சரக்கு. அதை இன்னொருவருக்கும் விற்பது அமானித மோசம். வேலை அனுமதிச் சீட்டோடு சிங்கப்பூர் போகிறவர்கள், சீட்டில் கண்ட முதலாளியைத் தவிர அங்கே வேறொருவரிடம் வேலை செய்யலாகாது என்பதையும் நினைவில் வைக்க.

அடுத்தது நேரக் கணக்கு. 2010ஆம் ஆண்டு விதிகளின்படி, முழுநேர ஊழியரின் நேரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் 70 சதவீதம் வரை உழைப்பவரே பகுதி நேர ஊழியர். 2023 முதல் வார உச்சவரம்பு 45 மணி. ஆகவே ஏறத்தாழ 14 முதல் 31 மணி. இரவுக்கு மூன்று மணியாக ஐந்து இரவுகள் உழைத்தால் 15. அதற்கு மேல் ஏற்றால் பகல் வேலையில் தூக்கம் வரும்.

மனு ஒரே பக்கம் போதும். செய்யத் தெரிந்த வேலை, ஓய்வான மணிகள், எதிர்பார்க்கும் கூலி மூன்றையும் ஒளிக்காமல் எழுதுக. “எந்த வேலையும் செய்வேன்” என்பவனுக்கு எவரும் வேலை தருவதில்லை. நம் பையன், பெயர்களை மாற்றிய ஒரு மாதக் கணக்கை மாதிரியாக இணைத்தான்; மாதிரி காட்டாமல் துணி விற்க முடியுமா? ஒன்பது மனுக்களுக்குப் பதிலில்லை. பத்தாவதற்குக் கோலாலம்பூர் வியாபாரி ஒருவர் பதிலளித்தார். அவர் கடை பதிவானதுதானா என்று நிறுவன ஆணையத்தில் பார்த்த பிறகே சம்மதித்தான்.

மாதம் 300 வெள்ளி வருகிறது. வருமான வரிக் கணக்கில் காட்டத் தனிச் சிட்டை வைத்திருக்கிறான். இழந்த 1,200ஐ ஈடுகட்ட இன்னும் இரண்டு மாதம் பாக்கி.